நல்லவன் கெட்டவன் பட்டன் வேண்டாம்: காவிரிக் கதையை ரெட்ரோ ஆர்.பி.ஜி. ஆக்குவோருக்கு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, தொண்ணூறுகளின் சூப்பர் நிண்டெண்டோ காலத்துப் பாணியில் ஒரு ரோல்பிளேயிங் கேம் (ஆர்.பி.ஜி., ஒரு பாத்திரமாக இருந்து கதையை நடத்திப்போகும் கேம்) செய்ய ஆசைப்படுகிறீர்களா? அதிலும், சரி எது தப்பு எது என்று ஆடுகிறவர் திணறுகிற மாதிரி ஒரு கதை? அப்படியானால் இது உங்களுக்குத்தான். நான் அப்படி ஒரு சின்ன கேமை எழுதி முடித்து, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஏற்றியிருக்கிறேன். கதை உத்தி ஒரு பக்கம், தமிழ் எழுத்து உடைகிற சிக்கல் ஒரு பக்கம், வரிப் படிவம் ஒரு பக்கம் என்று தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே தனியாளாகச் செய்வதென்றால், இரண்டு மணி நேரம் ஆடக்கூடிய கேமுக்கு ஒரு வருஷம் ஒதுக்குங்கள். அதற்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள்.

1. எழுதும் முன் சிலவற்றை ஆடுங்கள்

எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து ஆடினால் போதும்.

'க்ரோனோ ட்ரிக்கர்' (1995): தொடக்கத்தில் ஒரு திருவிழா வரும். அங்கே மேசையில் இருக்கும் யாரோ ஒருவருடைய சாப்பாட்டை எடுத்துத் தின்ன முடியும். ஆடுகிறவர் அதைப் பெரிதாக நினைக்க மாட்டார். பிறகு நீதிமன்றக் காட்சி வரும்போது அதே செயல் சாட்சியமாக வந்து நிற்கும். எச்சரிக்கையே இல்லாமல் குணத்தைச் சோதிப்பது எப்படி என்று இங்கே கற்றுக்கொள்ளலாம்.

'டாக்டிக்ஸ் ஓக்ர்' (1995): முதல் அத்தியாயத்தின் முடிவில், சொந்த மக்களையே கொன்றுவிட்டுப் பழியை எதிரி மேல் போடு, அப்போதுதான் ஜனம் ஒன்று திரளும் என்று தலைமை உத்தரவு போடும். மறுத்தாலும் படுகொலை நடக்கும், பழியும் உங்கள் மேல் விழும். மறுத்தவனுக்குப் பரிசு கிடையாது என்பதுதான் அந்தக் காட்சியின் பலம்.

'அண்டர்டேல்' (2015): ஒருவரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்கு (முன்பு பதிந்து வைத்த இடத்துக்கு) திரும்பிக் காப்பாற்றினால், நீங்கள் செய்தது தெரியும் என்று ஒரு பாத்திரம் முகத்துக்கு நேரே சொல்லும். 'ட்ரையாங்கிள் ஸ்ட்ராட்டஜி' (2022): உங்கள் முடிவுகளை மூன்று கொள்கைகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கும், ஆனால் முதல் ஆட்டத்தில் அந்தக் கணக்கைக் காட்டாது. 

இவற்றை முழு விலைக்கு வாங்க அவசரப்படாதீர்கள். ஸ்டீமின் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் விலை நன்றாக இறங்கும்.

2. வில்லனைத் தேடாதீர்கள், பற்றாக்குறையைத் தேடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கெட்ட பண்ணையாரையும் ஒரு நல்ல ஏழையையும் வைத்துக்கொண்டு, கடைசியில் பண்ணையாருக்கு நோயாளி மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று சேர்த்துவிடுவார்கள். அதனால் குழப்பம் வராது. கெட்டவனுக்கு ஒரு சோகக் கதை கிடைக்கும், அவ்வளவுதான். ஆடுகிறவர் உண்மையாகத் திணற வேண்டுமென்றால், கேட்கிற இரண்டு பேருக்கும் உண்மையான தேவை இருக்க வேண்டும், பொருள் இரண்டு பேருக்கும் போதாமல் இருக்க வேண்டும், சாவி கதாநாயகன் கையில் இருக்க வேண்டும்.

டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. முறைத் தண்ணீரை, அதாவது முறைவைத்து மாற்றி மாற்றி விடும் பாசனத் தண்ணீரை, எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஒரு லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளர்), மதகு ஷட்டரின் சாவி அவனிடம். தலைமடையில் நட்டு மூன்று நாள்தான் ஆகிறது, வேர் பிடிக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். கடைமடையில் முன்னாலேயே நட்ட பயிர் பால்பிடிக்கிற பருவத்தில் இருக்கிறது. இப்போது காய்ந்தால் அத்தனையும் பதர். இன்று தலைமடையின் முறை. ராத்திரி பதினோரு மணிக்குக் கடைமடையிலிருந்து ஒரு அம்மா டார்ச் லைட்டோடு வருகிறார். அவருடையது குத்தகை நிலம்.

"தம்பி, ராவோட ராவா ஒரு அடி தூக்கி விடுப்பா. விடியறதுக்குள்ள இறக்கிடலாம்."

"நீங்க சொல்றது புரியுதுங்கம்மா. மேல நட்டவங்க காலைல வந்து பாத்தா என்னாங்க சொல்றது?"

"நட்ட பயிரு ஒரு நாளு தாங்கும். எம் பயிரு தாங்காது."

அவர் சொல்வது உண்மை. ஆனால் தலைமடைக்காரர்களுக்குப் போன முறையும் தண்ணீர் குறைவாகத்தான் வந்தது என்பதும் உண்மை. ஷட்டரைத் தூக்கினால் நடுவில் கரை பலவீனமாக இருக்கும் இடத்தில் உடைப்பு எடுக்கலாம். அங்கே இருப்பது இந்த இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒருவரின் நாற்றங்கால். இந்த மூன்றாவது ஆளைக் கட்டாயம் வையுங்கள். இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஆடுகிறவர் யார் பாவம் என்று தராசு போட்டு முடித்துவிடுவார். கேட்காமலே அடிபடுகிற ஒருவர் வந்த பிறகு அந்தத் தராசு வேலை செய்யாது.

நெல் கொள்முதல் நிலையத்தையும் இப்படி எழுதலாம். ஈரப்பத வரம்பு 17 சதவீதம், மீட்டரில் 19, மேகம் கூடி வருகிறது, வரிசையில் பின்னால் நெல்லைக் காயவைத்துக்கொண்டு வந்தவர்கள் நிற்கிறார்கள். நடுக் கேமுக்கு அது நல்ல காட்சி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதுவது கதைநுட்பம் ஆகாது, அநியாயத்துக்குத் துணைபோவது. கொடுமை கொடுமையாகவே இருக்கட்டும். அதைப் பார்த்தவர்கள், பயத்தில் வாய் மூடிக்கொண்டவர்கள், சாட்சி சொன்னால் வேலை போய்விடும் என்று தயங்கியவர்கள் ஆகியோரிடம்தான் ஆடுகிறவரை நிறுத்த வேண்டும்.

3. மூன்று தாள்கள் தயார் செய்யுங்கள்

எஞ்சினை (கேம் செய்யும் மென்பொருளை) திறப்பதற்கு முன் இவை வேண்டும். கூகுள் ஷீட் போதும், செலவு இல்லை. ஒரு மாதம் இதற்கே போனாலும் கவலைப்படாதீர்கள்.

ஆள் தாள்: ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், யாரிடம் கடன்பட்டிருக்கிறார், எதை மறைக்கிறார். கூடவே அவருடைய நியாயத்தை அவர் வாயாலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். அந்த இரண்டு வரி உங்களுக்கே ஒப்பவில்லை என்றால் அந்த ஆள் இன்னும் தயாராகவில்லை.

விளைவுத் தாள்: இதுதான் கேமின் முதுகெலும்பு. ஒரு வரிசைக்கு ஒரு செயல். சுவிட்ச் எண் (ஒன்று நடந்ததா இல்லையா என்று கேம் நினைவில் வைக்கும் குறி), என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எப்போது தெரியவரும், திரையில் எப்படித் தெரியும் என்று ஐந்து பத்திகள். 'யார் பார்த்தார்கள்' என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். யாரும் பார்க்காத செயலுக்கு மறுநாள் ஊரே முகம் திருப்பினால் அந்தக் கதையை நம்ப மாட்டார்கள்.

கிளைத் தாள்: இரண்டிரண்டு வழியாக ஐந்து முடிவுகள் என்றால் 32 பாதைகள். தனியாளால் முடியாது. ஒவ்வொரு முடிவுக்கும் புதுக் கதை எழுதாமல், எல்லாப் பாதைகளையும் அடுத்த பொதுச் சம்பவத்தில் சேர்த்துவிடுங்கள். கோயில் திருவிழா எப்படியும் நடக்கும். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் பேசாமல் நகர்கிறார்கள் என்பது மட்டும் மாறட்டும். சுவிட்சை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

4. விளைவைத் தள்ளிப் போடுங்கள்

ரெட்ரோ கேம்களில் எல்லோரும் முடிவுக்கு முன் ஒரு சேவ் போட்டுக்கொள்வார்கள். பிடிக்காத விளைவு உடனே வந்தால் திரும்பிப் போய் மாற்றிக்கொள்வார்கள். எவ்வளவு நல்ல சிக்கலை எழுதினாலும் அங்கே நீர்த்துப்போகும்.

நம் ஊர் வேளாண்மையே இதற்கு வழி காட்டுகிறது. ராத்திரி ஷட்டரைத் தூக்கியது சரியா என்பது அறுவடையில்தான் தெரியும். குறுவைக்கு நாலு மாதம், சம்பாவுக்கு அதற்கும் மேலே. கேமின் நாட்காட்டியை நாலு கட்டமாகப் பிரியுங்கள்: தண்ணீர் திறப்பு, நடவு, பால்பிடிப்பு, அறுவடை. ஒரு கட்டத்தில் செய்ததன் பலன் இரண்டு கட்டம் தள்ளி வரட்டும். அதற்குள் ஆடுகிறவர் வேறு பத்து காரியம் செய்திருப்பார், திரும்பிப் போக மனசு வராது. மேட்டூர் திறப்பு நாளையும் ஒரு வேரியபிளாக (கேமுக்குள் மாறக்கூடிய மதிப்பாக) வையுங்கள். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். இந்தத் திறப்பு நாள் தள்ளிப்போனாலே மொத்த ஊரின் குணமும் மாறும்.

5. திரையில் எதை எழுதுவது, எதை மறைப்பது

முதல் கண்ணி, புண்ணிய பாவ மீட்டர். "+10 நற்பெயர்" என்று திரையில் வந்த நொடியே ஆடுகிறவர் யோசிப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். எண்ணை உள்ளே வையுங்கள், வெளியே காட்டாதீர்கள். டீக்கடைக்காரர் "வாங்க" என்பதை விட்டு "என்ன வேணும்" என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, தேர்வு வரிகள். "ஏழைக்கு உதவு", "சட்டத்தைக் காப்பாற்று" என்றெல்லாம் எழுதினால் தீர்ப்பை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். கை செய்கிற வேலையை மட்டும் எழுதுங்கள்: "ஷட்டரை ஒரு அடி தூக்கு", "டார்ச்சை வாங்கி அணை", "விடியட்டும் என்று சொல்". மூன்றுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, மௌனம். 16 பிக்சல் உருவத்துக்கு முகபாவம் கிடையாது. அது குறையாகத் தோன்றும், ஆனால் இந்த வகைக் கதைக்கு அதுவே பெரிய வசதி. அந்த அம்மா பதில் பேசாமல் திரும்பி, இரண்டு கட்டம் நடந்து, நின்று, பிறகு போகட்டும். அவர் கோபமாகப் போனாரா, நொந்துபோனாரா என்பதை ஆடுகிறவரே நிரப்பிக்கொள்வார். அங்கே சோக இசை போட்டுக் கெடுத்துவிடாதீர்கள். தவளைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் போதும்.

6. எஞ்சினும் தமிழ் எழுத்தும்

கதையை முழுக்க எழுதிவிட்டு இந்தச் சிக்கலில் மாட்டாதீர்கள். முதல் நாளே "கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீரங்கம்" என்று மூன்று சொல்லை எஞ்சினில் போட்டுப் பாருங்கள்.

ஆர்.பி.ஜி. மேக்கர் எம்.வி. என்ற எஞ்சின் உரையாடலை ஒவ்வொரு குறியாக வரைகிறது. அதனால் கொம்பும் காலும் புள்ளியும் பிரிந்து நிற்கும். வரியை ஒரே வீச்சில் வரையச் செய்யும் பிளக்இன் (துணை நிரல்) இல்லாமல் தமிழுக்கு ஆகாது. கோடோ என்ற இன்னொரு எஞ்சின் இலவசம். ஆனால் பதிப்பு 4 அல்லது அதற்குப் பிந்தையதையே எடுங்கள். 3-இல் தமிழ் சரியாக இணையாது. 4-இலும் ஒரு இடம் இருக்கிறது: எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் டைப்ரைட்டர் விளைவில் முதலில் "க" வந்து பிறகு "க்" ஆகிக் கண்ணை உறுத்தும். உரைப் பெட்டியின் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்ற அமைப்பை 'கேரக்டர்ஸ் ஆஃப்டர் ஷேப்பிங்' என்று மாற்றினால் தீரும்.

எழுத்துரு: 8 பிக்சல் உயரத்தில் "ணூ" படிக்க முடியாது. 16-க்குக் கீழே போகாதீர்கள். உயரம் கூடினால் பெட்டியில் வரி குறையும், அதனால் வசனமும் சுருங்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விற்கிற கேமிலும் பயன்படுத்தலாம்.

7. செலவும் எழுத்துமூல அனுமதியும்

கோடோவும் கூகுள் ஷீட்டும் இலவசம் என்பதால், கையைக் கடிக்கிற செலவு படமும் இசையும்தான். இணையத்தில் கிடைக்கும் டைல்செட்களை (தரை, சுவர், மரம் என்று வரைபடம் கட்டும் சின்னப் படத் தொகுப்புகளை) எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால் விற்கிற கேமில் போடக் கூடாது. பெயர் குறிப்பிட வேண்டும் என்றிருந்தால் நன்றிப் பக்கத்தில் போட்டே ஆக வேண்டும். ஆர்.பி.ஜி. மேக்கரோடு வரும் படங்களை வேறு எஞ்சினுக்கு எடுத்துப்போகும் முன் அதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். எடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் எங்கிருந்து, எந்த உரிமம், எந்தத் தேதி என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நாதஸ்வரமோ தவிலோ பதிவு செய்தால், வித்வானுக்குப் பேசிய தொகையைக் கையில் கொடுத்து, ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். எதைப் பதிவு செய்தீர்கள், எந்த கேமில் வரும், எவ்வளவு கொடுத்தீர்கள், மறுபடி வேறு வேலையில் பயன்படுத்தலாமா என்று நாலு விஷயம் அதில் இருந்தால் போதும். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள். கேம் விற்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

ஊர்ப் பெயரைக் கற்பனையாக வையுங்கள். ஆறு உண்மையாக இருக்கலாம்: வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, எதுவானாலும். ஆனால் உண்மையான ஊரை வைத்து, அங்கே லஸ்கர் தண்ணீர் திருப்பினான் என்று எழுதினால் அங்கே அந்த வேலையில் இருக்கிற மனிதரைத்தான் ஊர் பார்க்கும்.

8. விவசாயம் பார்க்கிறவர்களிடம் ஆடக் கொடுங்கள்

கேம் ஆடுகிற நண்பர்கள் பிழை கண்டுபிடிப்பார்கள். கதை நிற்குமா என்று சொல்லத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் வேண்டும். என் கேமைப் பார்த்த ஒரு பெரியவர் மதகுப் படத்தை விரலால் தொட்டு, "இது பலகை மதகுல்ல? இதுல சக்கரம் திருக மாட்டாங்க, பலகைய ஒன்னொன்னா உருவணும். ஒருத்தனால ஆகாது, ரெண்டு ஆளு வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் காட்சியே மாறிவிட்டது. கதாநாயகன் தனியாகச் செய்ய முடியாது என்றால் இன்னொருவனைக் கூட்டுச் சேர்க்க வேண்டும், அவனுக்கும் பங்கு, அவன் வாயிலும் ரகசியம்.

சோதிக்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தேர்வு வந்ததும் எவ்வளவு நேரம் தயங்குகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். எல்லோரும் தயங்காமல் ஒரே பக்கம் போனால் இன்னொரு பக்கத்தின் நியாயத்தை நீங்கள் சரியாக எழுதவில்லை. நடவிலும் சம்பா அறுவடையிலும் யாரையும் கூப்பிடாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. அறுவடை ஓய்ந்த மாசி, பங்குனிதான் தோது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகும், புயலும் வரும். வேலையின் நகலை வீட்டுக்கு வெளியேயும் வையுங்கள்.

9. வெளியீடு: காகிதமும் காத்திருப்பும்

இலவசமாகத் தொடங்க இட்ச்.ஐஓ என்ற கேம் விற்பனைத் தளம். ஏற்றக் கட்டணம் இல்லை, தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே வைக்கலாம். எதுவும் மாற்றாவிட்டால் 10 சதவீதம்.

ஸ்டீமுக்கு ஒரு கேமுக்கு 100 டாலர், அன்றைய மாற்று விகிதமும் கார்டுக் கட்டணமும் தனி. கேமின் வருமானம் 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். கார்டு நிராகரிக்கப்பட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலான கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பான் கார்டு, அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு விவரம், வங்கியின் ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தேவைப்படும் வங்கி அடையாளக் குறியீடு). மூன்று ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் விரித்து எழுதியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். பதிவு செய்வதற்கு முன்னாலேயே திருத்திக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் ஆகலாம். சின்ன ஊர்க் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடைப் போட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி நிரப்பாதீர்கள்.

அடுத்தது அமெரிக்க வரிக் கேள்விகள். தனிநபர் என்றால் டபிள்யூ-8 பென் படிவம். பான் எண்ணைக் கொடுத்து, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோருங்கள். அமெரிக்க விற்பனைப் பங்கில் 30 சதவீதம் பிடிப்பது 15 ஆகக் குறையும். இந்தப் பக்கத்தை அவசரத்தில் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம்.

காலக் கணக்கு: பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். கேம் வரப்போகிறது என்று ஸ்டீமில் காட்டும் 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் வெளியே நிற்க வேண்டும். கடைப் பக்கத்துக்கும் கேமுக்கும் தனித்தனிச் சோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வெளியிட ஆசை என்றால் கார்த்திகை பிறந்ததுமே பணத்தைக் கட்டிவிடுங்கள். உள்ளடக்கக் கேள்வித்தாளில் வன்முறை, தற்கொலை போன்றவை கதையில் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கடன் தொல்லையைப் பற்றிய கதையில் இவை வரவே செய்யும். ஏ.ஐ. கொண்டு படமோ இசையோ செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

விற்ற மாதத்தின் பணம் அடுத்த மாதக் கடைசியில் வரும். ஸ்டீமின் 30 சதவீதமும் வரியும் போக உங்கள் பங்கு 100 டாலரைத் தொடாவிட்டால் சேரும்வரை அங்கேயே இருக்கும். பணம் வந்ததும் எதற்கான தொகை என்று வங்கி கேட்கும். கேமின் ஸ்டீம் பக்கத்தையும் அந்த மாத விற்பனை அறிக்கையையும் அச்சடித்து எடுத்துப் போங்கள். வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.